கிங்ஸ்டன் லேசியின் ‘சாலமோனின் தீர்ப்பு’ ஓவியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தெற்கே, டோர்செட் பகுதியில், விம்போர்ன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் கிங்ஸ்டன் லேசி என்று ஒரு பழைய மாளிகை இருக்கிறது. அங்கே உள்ள ‘சாலமோனின் தீர்ப்பு’ என்ற பெரிய தைலவண்ண ஓவியத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஏறக்குறைய ஒரே மாதிரியான சந்தேகங்கள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், வம்பான கேள்விகள் பின்னால்.

இது என்ன படம், யார் வரைந்தது? முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பைபிளில் வரும் சாலமோன் மன்னர், ஒரு குழந்தைக்காக இரண்டு பெண்கள் போட்ட வழக்கைத் தீர்த்துவைக்கும் காட்சி. 1505க்கும் 1510க்கும் இடைப்பட்ட காலத்தில் வெனிஸ் நகரத்தில் வரையப்பட்டது. வரைந்தவர் செபஸ்தியானோ தெல் பியோம்போ என்பதே இப்போது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. கித்தான் மேல் எண்ணெய் வண்ணம். உயரம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல், அகலம் மூன்று மீட்டருக்குச் சற்று மேல். ஒரு சுவரையே அடைத்துக்கொள்ளும் அளவு.

முக்கியமான விஷயம், இது முடிக்கப்படாத ஓவியம். கீழே வரும் கேள்விகளில் பாதி அதிலிருந்து பிறந்தவைதான்.

எனக்கு பைபிள் கதை தெரியாது. சாலமோன் அப்படி என்ன தீர்ப்பு சொன்னார்?

பழைய ஏற்பாட்டில், அரசர்கள் முதல் நூலின் 3ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஒரே வீட்டில் குடியிருந்த இரண்டு விலைமாதர்களுக்கு மூன்று நாள் இடைவெளியில் குழந்தை பிறக்கிறது. இரவில் ஒருத்தி தூக்கத்தில் தன் பிள்ளைமேல் புரண்டு படுத்துவிட, அது இறந்துபோகிறது. அவள் இறந்த குழந்தையை மற்றவள் பக்கத்தில் கிடத்திவிட்டு உயிருள்ளதை எடுத்துக்கொள்கிறாள் என்பது வழக்கு. சாட்சி யாரும் இல்லை.

சாலமோன் வாளைக் கொண்டுவரச் சொல்லி, “பிள்ளையை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி கொடுங்கள்” என்கிறார். ஒருத்தி பதறிப்போய், “வெட்ட வேண்டாம், அவளுக்கே கொடுத்துவிடுங்கள்” என்கிறாள். இன்னொருத்தி, “எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம், வெட்டட்டும்” என்கிறாள். யார் தாய் என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது. வாள் ஓங்கப்பட்டு, தாய் பதறும் அந்த நொடியைத்தான் ஓவியர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்வார்கள்.

இது நம்ம மரியாதை ராமன் கதை இல்லையா?

இதைக் கேட்காதவர்களே இல்லை. ஆமாம், ஒரு பிள்ளைக்கு இரண்டு பேர் தாய் என்று வந்து நிற்கும் வழக்கு மரியாதை ராமன் கதைகளிலும் உண்டு. புத்த ஜாதகக் கதையில் மகோசதன் தரையில் கோடு போட்டு, பிள்ளையை ஆளுக்கொரு பக்கம் இழுக்கச் சொல்கிறான். வலியில் பிள்ளை அழுததும் கையை விட்டவளே தாய். இஸ்லாமிய மரபிலும் சுலைமான் நபியைப் பற்றி இதே கதை இருக்கிறது: ஒருத்தியின் பிள்ளையை ஓநாய் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது, தாவூது நபி மூத்தவளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொல்கிறார், சுலைமான் கத்தி கேட்டதும் இளையவள் பதறுகிறாள். கதையின் முடிச்சு எல்லா இடத்திலும் ஒன்றுதான். யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்ற விவாதத்துக்குள் இங்கே போகவில்லை. ஆனால் கதையை ஏற்கனவே அறிந்தவராக இந்தப் படத்தின் முன்னால் நிற்பது பெரிய வசதி. ஏன் என்பது அடுத்த பதிலில்.

குழந்தை எங்கே? எவ்வளவு தேடியும் கண்ணில் படவில்லையே.

படவே படாது. வரையவில்லை. உயிருள்ள குழந்தையும் இல்லை, இறந்த குழந்தையும் இல்லை. தூண்கள் வரிசையாக நிற்கும் பெரிய மண்டபம், நடுவில் உயர்ந்த ஆசனத்தில் சாலமோன், சுற்றிலும் ஆட்கள், வழக்காட வந்த பெண்கள் எல்லாம் இருக்கிறார்கள். வழக்குக்குக் காரணமான பிள்ளை மட்டும் இல்லை.

அதனால் கதை தெரியாமல் பார்ப்பவருக்கு இது ஏதோ ஓர் அரசவைக் காட்சி. தெரிந்து பார்ப்பவருக்கு, எல்லோருடைய கையும் கண்ணும் ஒரு வெற்றிடத்தைச் சுற்றியே நகர்வது புலப்படும். பல முடிந்த ஓவியங்களைவிட இது என்னை அதிக நேரம் நிறுத்திவைத்ததற்கு இதுதான் காரணம்.

ஒரு ஆள் துணியில்லாமல் கையை ஓங்கிக்கொண்டு நிற்கிறாரே, அவர் யார்? கையில் ஒன்றும் இல்லையே?

அவர்தான் வெட்டச் சொல்லி உத்தரவு வாங்கிய சேவகன். கையில் இருக்க வேண்டிய வாளும் வரையப்படவில்லை. அந்தக் கால இத்தாலிய ஓவியர்கள் பலர் முதலில் உடம்பைச் சரியாக அமைத்துக்கொண்டு அப்புறம்தான் உடை போர்த்துவார்கள். ஆகவே அம்மணம் என்பது இங்கே ஒரு கட்டத்தில் வேலை நின்றுபோனதன் அடையாளமாக இருக்கலாம். வெனிஸ் ஓவியர்களுக்குப் பழைய கிரேக்க, ரோமானியச் சிலைகள் மேல் இருந்த மோகத்தையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டும். முறுக்கேறிய உடம்பு ஒன்றை வரைந்து காட்ட இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

இந்த உருவம் முடியவில்லை என்பது புதிதாகக் கண்டுபிடித்த செய்தி இல்லை. 1648இலேயே வெனிஸ் ஓவியர்களின் வரலாற்றை எழுதிய கார்லோ ரிடோல்ஃபி, கிரிமானி குடும்பத்து வீட்டில் ஒரு சாலமோன் தீர்ப்பு இருக்கிறது, அதில் சேவகனின் உருவத்தை ஓவியர் முடிக்காமல் விட்டுவிட்டார் என்று குறித்திருக்கிறார். நாம் பார்ப்பது அதே படம் என்று சொல்ல இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

ஏன் முடிக்கவில்லை? பணம் கொடுக்கவில்லையா?

ஒப்பந்தம், ரசீது எதுவும் கிடைக்கவில்லை. ஊகங்கள் மூன்று நான்கு உண்டு. 1509இல் ஐரோப்பிய வல்லரசுகள் ஒன்றுசேர்ந்து வெனிஸ் மேல் போர் தொடுத்தன. நகரத்துப் பிரபுக்களின் பணமும் கவனமும் அந்தப் பக்கம் போயின. 1510இல் கொள்ளைநோய் வந்தது. 1511இல் செபஸ்தியானோவே, அகொஸ்தினோ கீஜி என்ற பெரும் வங்கியாளர் அழைக்க, ரோமுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அதன்பின் அவர் வாழ்க்கை ரோமில்தான்.

எனக்கு இன்னொரு காரணமும் படுகிறது. ஓவியர் ஒரு முடிவுக்கே வராமல் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தார் என்பது படத்தின் அடியிலேயே தெரிகிறது. அதைச் சுத்திகரிப்பு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

இது சர்ச்சுக்காக வரைந்ததா? இதன் முன்னால் நின்று ஜெபம் செய்வார்களா?

இல்லை. விஷயம் பைபிளிலிருந்து எடுத்தது என்றாலும் இது பீடத்தில் வைத்து வணங்கும் படம் அல்ல. சாலமோன் தீர்ப்பு என்பது வெனிஸில் நீதிக்கான அடையாளம். அரசு நடந்த டோஜே அரண்மனையின் ஒரு மூலையில், வாசலுக்குப் பக்கத்திலேயே இதே காட்சி கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. உள்ளே போகிற நீதிபதிகளும் அதிகாரிகளும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இந்த ஓவியமும் அப்படி ஓர் அதிகாரப் பதவியில் இருந்தவரின் வீட்டுக்காக வரையப்பட்டிருக்கலாம். ரிடோல்ஃபி சொன்ன கிரிமானி வீடு பெருங்கால்வாய்க் கரையில் இருக்கிறது. அதைக் கட்டியவர் அந்திரேயா லொரேதான் என்ற பிரபு. அதனால் ஓவியத்துக்குச் சொல்லி வைத்தவரும் அவராக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர் 1513இல் போரில் இறந்தார். வீடு இன்றும் இருக்கிறது. 1883இல் இசையமைப்பாளர் வாக்னர் உயிர்விட்டது அங்கேதான். இப்போது சூதாட்ட விடுதி. நீதியை நினைவூட்டும் படம் இருந்த வீட்டுக்கு இப்படி ஒரு வாழ்வு!

ஜார்ஜோனே வரைந்தது என்று ஒரு இடத்தில் படித்தேன். எது சரி?

நீங்கள் படித்ததில் தப்பில்லை, பழைய செய்தி, அவ்வளவுதான். நெடுங்காலம் எல்லோரும் இதை ஜார்ஜோனே என்றுதான் சொன்னார்கள். ரிடோல்ஃபி அப்படி எழுதினார், விற்றவர்கள் அப்படி விற்றார்கள், வாங்கியவர் அப்படி வாங்கினார்.

குழப்பத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஜார்ஜோனே 1510இல், முப்பதைச் சற்றுத் தாண்டிய வயதில் இறந்துபோனார். விட்டுச்சென்ற படங்கள் மிகக் குறைவு. புகழோ மிக அதிகம். செபஸ்தியானோ அவரோடு நெருங்கிப் பழகிய இளைஞர். ஜார்ஜோனே தொடங்கி செபஸ்தியானோ முடித்த படம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது, ‘மூன்று தத்துவஞானிகள்’ என்று பெயர். அந்தக் காலத்திலேயே வெனிஸ்காரர் ஒருவர் இதை எழுதி வைத்திருக்கிறார். இத்தாலிய ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரிகூடத் தடுமாறியிருக்கிறார். வெனிஸில் புனித ஜான் கிறிசோஸ்தம் தேவாலயத்துப் பீட ஓவியத்தை அவர் 1550இல் ஜார்ஜோனே வரைந்தது என்று எழுதிவிட்டு, 1568இல் வந்த திருத்திய பதிப்பில் செபஸ்தியானோ என்று மாற்றினார். இரண்டு பேரும் உயிரோடிருந்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறையிலேயே இந்த நிலை என்றால், 1820இல் வாங்கியவரைக் குறை சொல்ல முடியாது.

அந்தப் பீட ஓவியம் இன்றும் அதே தேவாலயத்தில் இருக்கிறது. கனமான உடம்புகள், தூண்களை வைத்து இடத்தைப் பகுக்கும் முறை, அகன்ற தோள்கள் கொண்ட பெண்கள் ஆகியவற்றை இரண்டு படத்திலும் ஒப்பிட்டுத்தான் ஆய்வாளர்கள் செபஸ்தியானோவிடம் வந்து சேர்ந்தார்கள். 1980களில் நடந்த சுத்திகரிப்புக்குப் பிறகு அந்தக் கருத்து வலுத்தது.

ஓவியர் பெயர் மாறினதும் படத்தோட மதிப்பு இறங்கியிருக்குமே?

ஏலக் கூடத்தில் ஜார்ஜோனே என்ற பெயருக்கு எடை அதிகம், உண்மைதான். ஆனால் இந்த ஓவியம் பொதுமக்களுக்காக அறக்கட்டளை ஒன்றின் கையில் இருக்கிறது, ஏலத்துக்கு வரப்போவதில்லை. ஆகவே அந்தக் கணக்கு யாருக்கும் உபயோகமில்லை.

செபஸ்தியானோவும் சாதாரண ஆள் இல்லை. ரோமில் மைக்கேலாஞ்சலோவின் நண்பர் ஆனார். மைக்கேலாஞ்சலோ தாமே கோட்டுவரைவுகள் போட்டுக் கொடுத்து உதவ, ரஃபேலோடு நேரடிப் போட்டியாக ‘லாசரஸ் உயிர்த்தெழுதல்’ என்ற பெரும் ஓவியத்தைத் தீட்டினார். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் பதிவேட்டில் எண் 1 அதுதான். 1531இல் போப்பாண்டவரின் முத்திரைக் காப்பாளர் பதவி கிடைத்தது. ‘தெல் பியோம்போ’ என்ற பெயர் அந்தப் பதவியால் வந்தது. 1547இல் இறந்தார். இருபது சொச்சம் வயதில் அவர் எப்படி யோசித்தார் என்று பார்க்க கிங்ஸ்டன் லேசி படத்தைவிட நல்ல இடம் கிடையாது. ஜார்ஜோனே என்ற பெயர்ப்பலகை இருந்த காலத்தில் இதைப் பார்க்கவே முடிந்திருக்காது என்பேன்.

ஃபுளோரன்ஸ் போனபோது உஃபீஸியில் சாலமோன் தீர்ப்பு பார்த்தேன். அதுவும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. உஃபீஸி ஓவியக்கூடத்தில் இருப்பது ஜார்ஜோனே இளவயதில் வரைந்ததாகக் கருதப்படும் சிறிய பலகை ஓவியம், ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. அதில் காட்சி திறந்தவெளியில், மரங்களுக்கு முன்னால் நடக்கிறது. குழந்தைகளும் இருக்கிறார்கள்.

வெனிஸ் வீட்டில் இருந்த படம் டோர்செட் கிராமத்துக்கு எப்படி வந்தது?

இடையில் பொலோஞாவுக்குப் போயிற்று. அங்கே மரெஸ்கால்கி என்ற பிரபுக் குடும்பத்தின் சேகரிப்பில் இருந்தது. ஃபெர்தினாந்தோ மரெஸ்கால்கி நெப்போலியன் காலத்தில் இத்தாலிய அரசின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். அவர் 1816இல் இறந்தபின் சேகரிப்பு கலையத் தொடங்கியது. 1820இல் வில்லியம் ஜான் பாங்க்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்த ஓவியத்தை வாங்கினார்.

இதில் கவிஞர் பைரனுக்கும் பங்கு உண்டு. இருவரும் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி நண்பர்கள். பைரன் அப்போது ராவென்னாவில் இருந்தார். 1820 பிப்ரவரியில் பாங்க்ஸுக்கு எழுதிய கடிதத்தில், அந்த உண்மைத் தாய் மிக மிக அழகி, முடிந்தால் வாங்கி ஊருக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்து, இத்தாலியில் கலவரக் காலம் வரப்போகிறது என்று சொல்கிறார். கலவரம் நிஜமாகவே அந்த ஆண்டு கோடையில் நேப்பிள்ஸில் தொடங்கியது. குழந்தையே இல்லாத படத்தில் யார் உண்மைத் தாய் என்று பைரனுக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை, பாருங்கள்! (பைரன் பிற்பாடு மணந்த பெண்ணிடம் முதலில் பாங்க்ஸ் கல்யாணம் கேட்டு மறுப்பு வாங்கியிருந்தார். நட்பு அதனால் கெடவில்லை.)

இந்த பாங்க்ஸ் யார்? பணம் இருந்ததால் வாங்கிக் குவித்தவரா?

பணம் இருந்தது. ஆனால் சும்மா வாங்கிக் குவித்தவர் என்று சொல்லிவிட முடியாது. 1786இல் பிறந்தார், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார், ஸ்பெயினில் போர் நடந்துகொண்டிருந்தபோதே அங்கே போய் ஓவியம் வாங்கினார். எகிப்து, சிரியா என்று சுற்றி, பழைய கோயில்களையும் கல்வெட்டுகளையும் கவனமாக வரைந்து வைத்தார். ஃபிலே தீவில் அவர் கண்ட ஒரு சதுரத் தூபியில் எகிப்திய எழுத்தும் அடிப்பீடத்தில் கிரேக்கமும் இருந்தன. அதில் கிளியோபாட்ராவின் பெயரை அடையாளம் கண்டது எகிப்திய எழுத்தைப் படிக்க உதவிய படிகளில் ஒன்று. அந்தத் தூபி இப்போது கிங்ஸ்டன் லேசித் தோட்டத்தில் நிற்கிறது.

வீடு அவருடைய முன்னோர் 1660களில் கட்டியது. 1834இல் அது அவர் கைக்கு வந்ததும், கட்டடக் கலைஞர் சார்லஸ் பாரியை வைத்து இத்தாலிய அரண்மனை மாதிரி மாற்றினார். செங்கல் சுவர்களுக்கு வெளியே கல் போர்த்தப்பட்டது. இதே பாரிதான் லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவர்.

அவர் நாட்டைவிட்டே ஓடிவிட்டார் என்கிறார்களே, ஓவியம் திருடியதற்கா?

இல்லை இல்லை. 1841இல் லண்டன் கிரீன் பார்க்கில் ஒரு படைவீரரோடு இருந்தபோது கைதானார். ஆணும் ஆணும் உறவுகொள்வது அன்றைய ஆங்கிலச் சட்டப்படி மரண தண்டனைக் குற்றம். 1861 வரை அப்படித்தான் இருந்தது. அந்தக் குற்றத்துக்காக இரண்டு பேர் 1835இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டிருந்தார்கள். பாங்க்ஸ் ஏற்கனவே 1833இலும் ஒருமுறை கைதாகி, வெலிங்டன் பிரபு போன்றவர்கள் வந்து நற்சாட்சி சொன்னதால் விடுதலையானவர். இரண்டாம் முறை அது நடக்காது என்று தெரிந்ததும், சொத்தைத் தம்பிமார் பேரில் எழுதிவிட்டு இத்தாலிக்குப் போய்விட்டார். இந்தியாவின் 377ஆம் பிரிவு இந்தச் சட்டத்தின் வாரிசுதான். 2018 வரை அதோடு நாமும் வாழ்ந்திருக்கிறோம்.

அங்கிருந்தும் அவர் சும்மா இருக்கவில்லை. வெனிஸிலிருந்து கதவுகள், பளிங்கு வேலைப்பாடுகள், பொன்முலாம் பூசிய தோல் விரிப்புகள், ஒரு மாளிகையின் கூரை அலங்காரம் என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். எதை எந்த அறையில் எப்படி வைக்க வேண்டும் என்று கடிதம் கடிதமாக எழுதினார். 1855இல் வெனிஸிலேயே இறந்தார். இடையில் ஒளிந்து வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார் என்று ஒரு வாய்வழிக் கதை உண்டு. தாம் வாங்கிய ‘ஜார்ஜோனே’யைத் தாம் மாற்றியமைத்த வீட்டில் முழுதாக அனுபவிக்க அவருக்குக் கிடைத்த காலம் மிகக் குறைவு.

நம்ம ஊர்க் கோயில் சிலைகளைக் கொண்டுபோன மாதிரி இதுவும் கொள்ளைதானே?

ஓவியத்தைப் பொறுத்தவரை இல்லை. உரியவர்கள் விலைக்கு விற்றார்கள், அவர் வாங்கினார். நெப்போலியன் போர்களுக்குப் பின் இத்தாலியப் பிரபுக் குடும்பங்கள் நொடித்துப்போன நேரத்தில் ஆங்கிலப் பணம் உள்ளே வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வாங்கியவருக்கு வசதியான காலம் அது.

தோட்டத்துத் தூபி வேறு விஷயம். பெல்சோனி என்பவரை வைத்து அதை நைல் வழியாகக் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சுத் தரப்பு ஆட்கள் அது தங்களுடையது என்று மல்லுக்கு நின்றார்கள். இரண்டு ஐரோப்பியக் கோஷ்டிகள் சண்டை போட்டுக்கொண்டன, எகிப்தியக் கிராமத்தாரைக் கேட்டவர் யாரும் இல்லை. உங்கள் கேள்வியைத் தூபியின் முன்னால் நின்று கேட்டால் நான் வேறு பதில் சொல்வேன்.

சுத்தம் செய்தபோது ஏதோ கண்டுபிடித்தார்களாமே?

ஆமாம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1980களின் நடுவில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாமில்டன் கெர் நிறுவனத்தில் இதைச் சுத்தம் செய்தார்கள். பழைய ஓவியங்களுக்கு மேலே பூசும் வார்னிஷ் இயற்கைப் பிசினால் ஆனது. காலம் போகப்போக மஞ்சளாகி, பழுப்பாகிவிடும். அதை நீக்கினால்தான் உண்மையான நிறம் தெரியும். கூடவே அடியில் என்ன இருக்கிறது என்றும் சோதிப்பார்கள். அகச்சிவப்புக் கதிர்கள் மேல்வண்ணத்தை ஊடுருவி, அடியில் கரியால் போட்ட கோடுகளைக் காட்டும். எக்ஸ்ரேயில் ஈய வெள்ளை பூசிய இடங்கள் தெரியும்.

இந்தப் படத்தில், அடிக்கோடுகள் ஒரே திட்டத்தைச் சேர்ந்தவையாக இல்லை. பின்னணிக் கட்டடத்தை ஒரு மாதிரி வண்ணம் தீட்டி, பிறகு அதன்மேலேயே வேறு மாதிரி மாற்றியிருக்கிறார். உருவங்களையும் இடம் மாற்றியிருக்கிறார். இன்று நாம் பார்க்கும் தூண் மண்டபம் முதல் யோசனை இல்லை. நல்ல ஓவியரிடம் படித்த திறமைசாலிப் பையன், இவ்வளவு பெரிய கித்தானை முதல் தடவையாகக் கையில் எடுத்து, கூட்டத்தை எப்படி நிறுத்துவது என்று படத்தின் மேலேயே யோசிக்கிறான். ஃபுளோரன்ஸில் இதையெல்லாம் காகிதத்தில் தீர்த்துக்கொண்டுதான் படத்தைத் தொடுவார்கள். வெனிஸ்காரர்களுக்கு எண்ணெய் வண்ணம் அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது: பிடிக்கவில்லையா, மேலே தீட்டிக்கொள்ளலாம். கடல் ஈரத்தில் சுவரோவியம் நிலைக்காத ஊர் என்பதால் அவர்கள் கித்தானுக்கு முன்னதாகவே மாறியிருந்தார்கள்.

எல்லா மாற்றமும் செய்து, மண்டபம் பிடிபட்டு, ஆட்கள் நிலைத்து நின்றபின் கடைசியாக வர வேண்டியவை வாளும் பிள்ளையும். அதற்குள் வேலை நின்றுவிட்டது. இதை வைத்துத்தான் முன்னே ‘ஏன் முடிக்கவில்லை’ என்ற கேள்வியில் இன்னொரு காரணம் என்று சொன்னேன்.

இவ்வளவு தொழில்நுட்பம் இருக்கே, ஒரு நல்ல ஓவியரை வைத்துக் குழந்தையை வரைந்து முடித்துவிட்டால் என்ன?

செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது. பாதுகாப்பு வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு நியதி உண்டு: சேதமான இடத்தில் மட்டும், பிற்பாடு எடுத்துவிடக்கூடிய வண்ணத்தால் நிரப்பலாம், ஓவியர் வரையாததை வரையக்கூடாது. இங்கே குழந்தை அழிந்துபோகவில்லை, ஒருபோதும் இருக்கவேயில்லை. கணினியில் ஒரு படியெடுத்து விளையாடிப் பார்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை, ஆனால் எந்த நடையில், எந்த இடத்தில், யார் கையில் குழந்தையை வைப்பீர்கள்? செபஸ்தியானோவே முடிவு செய்திருந்தாரா என்பது சந்தேகம்.

இவ்வளவு முக்கியமான ஓவியம் என்றால் லண்டன் மியூசியத்தில் அல்லவா இருக்க வேண்டும்?

1981இல் ரால்ஃப் பாங்க்ஸ் இறந்தபோது, மாளிகை, உள்ளே இருந்த சேகரிப்பு, சுற்றியுள்ள நிலம், கோர்ஃப் கோட்டை எல்லாவற்றையும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு உயில் எழுதி வைத்தார். அந்த அமைப்புக்குக் கிடைத்த மிகப் பெரிய கொடைகளில் ஒன்று. சேகரிப்பை வீட்டோடு சேர்த்து வைப்பதுதான் அவர்கள் வழக்கம். ரூபன்ஸ், டிஷியன், ஸ்பானிய ஓவியங்கள் எல்லாம் அதே வீட்டில் இருப்பதால், ஒரு மனிதரின் ரசனை முழுதாகத் தெரிகிறது. லண்டனுக்குக் கொண்டுபோனால் இது சுவரில் இன்னொரு வெனிஸ் படம் ஆகிவிடும்.

வீட்டில் வைப்பதில் சங்கடங்களும் உண்டு. தைலவண்ண ஓவியங்களுக்குச் சுமார் 200 லக்ஸ் வரையும், பழைய துணிகளுக்கு 50 லக்ஸும்தான் வெளிச்சம் காட்டலாம் என்பது பொதுவான விதி. அதனால் ஜன்னல் திரைகள் பாதி இறங்கியே இருக்கும். சூடேற்றுவதும் மனிதர்களின் குளிருக்காக இல்லை, காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தத்தான். அறை மங்கலாகவும் சில்லென்றும் இருக்கிறது என்று குறைப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில்.

நேரில் போனால் எதைக் கவனிக்க வேண்டும்? போட்டோ எடுக்கலாமா?

முதலில் தள்ளி நின்று முழு அமைப்பையும் பாருங்கள். மன்னரிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் கண் எப்படி இறங்குகிறது என்று கவனியுங்கள். அப்புறம் பக்கத்தில் வந்து (கயிறு கட்டியிருக்கும் தூரம்வரை), சேவகனின் உடம்பையும் முடிந்த உருவங்களின் உடைகளையும் ஒப்பிடுங்கள். எங்கே வேலை நின்றது என்று உங்களுக்கே தெரியும். எண்ணெய் வண்ணம் நாள்பட நாள்பட ஒளி ஊடுருவும் தன்மை பெறும். அடியில் மறைத்த மாற்றங்கள் நிழலாகத் தலைகாட்டும். கட்டடப் பகுதிகளில் அதற்காகப் பொறுமையாகத் தேடுங்கள். ஒவ்வொரு அறையிலும் இருக்கும் தன்னார்வலர்களிடம் தயங்காமல் கேளுங்கள், நிறைய சொல்வார்கள்.

ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுப்பதைப் பொதுவாக அனுமதிக்கிறார்கள். லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து பூல் வரை ரயில், அங்கிருந்து டாக்சி பிடித்துவிடலாம். ஓவியத்துக்காக மட்டும் போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் மாளிகையின் உட்பகுதி அன்று திறந்திருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டம் திறந்திருக்கும் நாளெல்லாம் வீடும் திறந்திருக்கும் என்று கிடையாது.